பிரஷர் உள்ளவருக்குக் கொவிட் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொவிட் என்று தெரிந்ததுமே பிரஷர் குளிசையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை என்பேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் வைரசுக்கு வழி திறந்துவிடும் என்ற பேச்சு கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. வைரஸ் நம் உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதத்தை இக்குளிசைகள் கூட்டலாம் என்று விலங்குச் சோதனைகள் சில சொன்னதால் எழுந்த பயம் அது. மனிதரில் பார்த்தபோது அது மெய்ப்படவில்லை. பிரேசிலில் கொவிட்டுடன் வைத்தியசாலையில் இருந்த 659 பேரில் ஒரு பகுதியினருக்கு இக்குளிசைகளை நிறுத்தினார்கள், மற்றவர்களுக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை.

வூஹான் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே ஒரே வைத்தியசாலையில் சேர்ந்த 2,877 கொவிட் நோயாளரில் பிரஷர் உள்ளவர்கள் 850 பேர். அவர்களில் நூற்றுக்கு 4 பேர் இறந்தார்கள். பிரஷர் இல்லாதவர்களில் நூற்றுக்கு 1.1. பிரஷர்காரருக்கு வயதும் கூட, வேறு வருத்தங்களும் கூட. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அந்த 850 பேருக்குள்ளேயே குளிசை எடுத்து வந்தவர்களில் 3.2 வீதமானோர் இறக்க, எடுக்காமலிருந்த 140 பேரில் 7.9 வீதமானோர் இறந்தார்கள். 140 சிறிய எண்தான். இருந்தாலும், "பிரஷர் இருக்கிறதே, இனி அவ்வளவுதான்" என்று மனம் உடைந்து கிடப்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பிரஷர் இருந்தும் குளிசை எடுத்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீடு திரும்பினார்கள்.

நிறுத்த வேண்டிய வேளையும் உண்டு. வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாகி உடலில் நீர் வற்றினால், சிறுநீரகத்தைக் காக்க வைத்தியர் சில குளிசைகளைத் தற்காலிகமாக நிறுத்துவார். அந்த முடிவு அவருடையது, பக்கத்து வீட்டாருடையது அல்ல.

கசாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தைக் கூடுதலாகச் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை, வாரக்கணக்கில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்; இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். உடல் வலிக்கு டைக்ளோபினாக் வாங்கி விழுங்குவதும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும். காய்ச்சலுக்கு சாதாரண பரசிட்டமோல் போதும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

வைத்தியசாலைக்கு கிளினிக் கொப்பி இல்லாமல் போவது இன்னொரு தவறு. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவரை மூச்சு வாங்க வாங்கக் கூட்டிப் போனார்கள். என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டதற்கு, "ஒரு சின்ன வெள்ளைக் குளிசை, டொக்டர்" என்றான் மகன். கொப்பியோ வீட்டு அலுமாரியில். வெள்ளைக் குளிசைகளில் பிரஷருக்கும் உண்டு, சீனிக்கும் உண்டு, கொலஸ்ட்ரோலுக்கும் உண்டு. கொப்பியோடு, குளிசை போட்டுத் தரும் கடதாசி உறைகளையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு இறுகினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை.

வீடு திரும்பியதும் பலர் பிரஷர் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து, பிரஷரையும் சீனியையும் ஏற்றக்கூடியது. முன்பு ஒரு குளிசையில் அடங்கியிருந்த பிரஷர் இப்போது அடங்காமல் இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று ஒரு மாதம் காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே அளந்து, கூடியிருந்தால் வைத்தியரிடம் போங்கள்.