முடித்த பிறகுதான் தெரியும் தவறுகள்: பின்னல் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பின்னல் வட்டத்தில் சேர்ந்து மூன்று நான்கு வாரம் ஆனதும், புதியவர்கள் முதல் ஸ்வெட்டருக்கு நூல் வாங்கிக்கொண்டு வருவார்கள். பையைத் திறக்கும்போதே பழையவர்களுக்கு வயிற்றைப் பிசையும். எந்த இடத்தில் சறுக்கப்போகிறார்கள் என்று தெரியும், ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அதே இடத்தில் சறுக்கியவர்கள்தான். மூன்று மாத உழைப்பும் அரைக் கிலோ நூலும் பீரோவின் அடித்தட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) நழுவுவது, நிட்டுக்குப் (முன்பக்கக் கண்ணிக்குப்) பதில் பர்ல் (பின்பக்கக் கண்ணி) விழுவது, எண்ணிக்கை ஒன்று கூடுவது குறைவதெல்லாம் இங்கே வேண்டாம். அவை கையிலேயே தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒரு குரோஷா (கொக்கி) ஊசியால் ஐந்து நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். பின்னும்போது கண்ணில் படாமல் கடைசியில் கழுத்தைப் பிடிப்பவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஊசி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

நம் ஊர்க் கடைகளில் "எட்டாம் நம்பர்", "பத்தாம் நம்பர்" என்று கேட்டால் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கில் உள்ள ஊசி. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பேட்டர்ன்களில் (பின்னல் குறிப்புகளில்) இது தலைகீழ். எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. இரண்டு கணக்கும் ஒத்துப்போவது 7-இல் மட்டும்தான், இரண்டிலும் அது 4.5 மி.மீ. முதல் வேலையை 7-இல் போட்டுத் தப்பித்தவர்கள் மற்ற எண்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இரண்டாவது வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. பாருங்கள். ஊசியில் எழுத்து அழிந்திருந்தால், ஓட்டை போட்ட அளவுத்தகடு ஒன்று வட்டத்தில் யாரிடமாவது இருக்கும்.

குரோஷாவிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே என்கிறார்கள். பேட்டர்ன் எந்த நாட்டுக் கணக்கு என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

லாட் நம்பர்

லாட் நம்பர் என்பது ஒன்றாகச் சாயமேற்றிய நூல் தொகுதியின் எண்; அது மாறினால் நிறம் சற்று மாறலாம். ஒரே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள், ஒரு உருண்டை கூடுதலாக.

கிராம் கணக்கில் நூல் மாற்றுவது

பேட்டர்னில் கம்பளி நூல் 500 கிராம் என்று இருக்கும். சமவெளியில் இருக்கிற நாம் பருத்தி நூலுக்கு மாறுவோம், அதுவும் 500 கிராம் வாங்குவோம். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடியும். இன்னொரு கைக்கு நூல் இருக்காது. பருத்தி கனமான நார், அதே தடிமனில் 50 கிராமுக்குக் கிடைக்கும் நீளம் குறைவு. ஸ்வெட்டருக்கு 1200 மீட்டர் வேண்டும் என்று வையுங்கள். உருண்டைக்கு 120 மீட்டர் வரும் கம்பளியில் 10 உருண்டை போதும். 85 மீட்டர் வரும் பருத்தியில் 15 உருண்டை வேண்டும். லேபிளில் மீட்டரைப் படியுங்கள். மீட்டர் போடாத நூலை ஸ்வெட்டருக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

துவைக்காத மாதிரித் துண்டை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் நடப்பது இதுதான். இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான், ஏனென்றால் ஒரு சாயங்கால வேலையில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் இது.

மாதிரித் துண்டு என்பது, ஸ்வெட்டரைத் தொடங்கும் முன் அதே நூலில் அளவு பார்க்கப் பின்னும் சிறு துண்டு. அதைப் போடாதவர்கள் இப்போது குறைவு. போடுகிறார்கள். ஆனால் எப்படிப் போடுகிறார்கள்? பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருந்தால் சரியாக 22 கண்ணி ஊசியில் ஏற்றி, இரண்டு விரற்கடை பின்னி, ஊசியில் இருக்கும்போதே ஸ்கேலை வைத்து, கொஞ்சம் இழுத்து, "பத்து வருது" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் துண்டு சொல்வது ஒன்றுமே உண்மை இல்லை. ஓரக் கண்ணிகள் சுருண்டு அளவைக் கெடுக்கும். ஏற்றிய வரிசை அடியில் இழுத்துப் பிடிக்கும். ஊசி மேலே விரித்து வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த நூல் இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

பின்னும்போது நூல் விரலின் இழுப்பில் இருக்கிறது. தண்ணீரில் நனைந்ததும் அந்த இழுப்பு விட்டுப்போய், கண்ணிகள் தமக்கு வசதியான உருவத்துக்குப் போய் உட்காரும். எந்தப் பக்கம் போகும் என்பது நூலைப் பொறுத்தது. சாதாரணக் கம்பளி நாரில் இயற்கையான சுருள் இருப்பதால் ஓரளவு பழைய அளவுக்குத் திரும்பி வரும். மெஷினில் துவைக்கலாம் என்று விற்கும் சூப்பர்வாஷ் கம்பளியில், நாரின் மேல் உள்ள செதில்களை மழுக்கி அல்லது பூச்சுப் பூசி மூடிவிடுகிறார்கள். அதனால் நார்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும், நனைந்ததும் துணி பெருகும். பருத்திக்குச் சுருளும் இல்லை, மீள்தன்மையும் குறைவு. தன் கனத்தாலேயே கீழே இறங்கும்.

வட்டத்தில் ஒருவர் தன் மகனுக்குக் கடுகு மஞ்சள் பருத்தியில் ஸ்வெட்டர் போட்டார். நான்கு மாத வேலை. கண்ணிகள் அவ்வளவு சீர், ரிப் (நிட்டும் பர்லும் மாறிமாறி வரும், இழுபடும் ஓரப் பின்னல்) அவ்வளவு அழகு. முதல் துவைப்பு முடிந்து கொடியில் காய்ந்தபோது கை நீளம் விரல் நுனியைத் தாண்டியிருந்தது. அவர் மாதிரித் துண்டு போட்டிருந்தார், பையிலேயே வைத்திருந்தார். வட்டத்தில் அதை வாங்கி நனைத்துக் காயவைத்துப் பார்த்தோம். வரிசைக் கணக்கு அப்போதுதான் மாறியது. நான்கு மாதமும் பதில் பையிலேயே இருந்திருக்கிறது!

சிறிய வித்தியாசம் என்று விடாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்புச் சுற்று 96 செ.மீ. ஸ்வெட்டருக்கு, 22 கண்ணிக் கணக்கில் 211 கண்ணி ஏற்றுவீர்கள். துவைத்த பிறகு 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் நிற்கிறது என்றால் அதே 211 கண்ணி 105.5 செ.மீ. ஆகிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசத்தில் ஒன்பது செ.மீ. தொளதொளப்பு. மாறாக 23.5 கண்ணி வந்தால் 90 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக முடியும், பொத்தான் போட முடியாது. அரைக் கண்ணியையும் எண்ணச் சொல்வது அதனால்தான்.

வரிசைக் கணக்கை யாருமே பார்ப்பதில்லை. கழுத்திலிருந்து அக்குள் வரை 60 வரிசை என்று பேட்டர்ன் சொன்னால், 10 செ.மீ.க்கு 30 வரிசை வரும் என்ற நம்பிக்கையில் சொல்கிறது. அது 20 செ.மீ. உங்களுக்குத் துவைத்த பின் 27 வரிசை என்றால் 22 செ.மீ.க்கு மேல் போய், அக்குள் தொங்கும். கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுவதும் மேலே வரும்.

சரியாகச் செய்யும் முறை இது. 22 கண்ணி எதிர்பார்க்கும் நூலுக்கு 34 கண்ணி ஏற்றுங்கள். முதல் நான்கு வரிசை முழுக்க நிட். பிறகு இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணி எப்போதும் நிட், நடுவில் உள்ள 26 கண்ணியில் பேட்டர்ன் கேட்கும் பின்னல். பதினான்கு செ.மீ. வந்ததும் மறுபடி நான்கு வரிசை நிட், பிறகு கண்ணிகளைத் தளர்வாக அடைத்து (ஊசியிலிருந்து இறக்கி) முடியுங்கள். ஸ்வெட்டருக்கு எந்த ஊசியோ அதே ஊசி. மூங்கில் ஊசியில் துண்டைப் போட்டுவிட்டு ஸ்டீல் ஊசியில் ஸ்வெட்டரைத் தொடங்கினால் பலருக்கு அளவு மாறும்.

அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பிறகு துவையுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படி. மெஷினில் போடுவீர்கள் என்றால் துண்டும் மெஷினில் போக வேண்டும். கையால் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல், துவாலையில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுங்கள். இழுக்காமல், குண்டூசி குத்தாமல், தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். அரை ஈரத்தில் அளப்பது துவைக்காமல் அளப்பதைவிட மோசம். காய்ந்ததும் நடுப்பகுதியில் மூன்று இடத்தில் 10 செ.மீ. அளந்து சராசரி பாருங்கள். பருத்தி என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. காய்ந்த துண்டைக் கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக் கிளிப்புகளைக் கவ்வவிட்டு ஒரு இரவு தொங்கவிடுங்கள், அடுத்த நாள் வரிசைக் கணக்கை மறுபடி எடுங்கள். உடம்பில் போட்ட ஸ்வெட்டர் அந்த அளவில்தான் நிற்கும்.

கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியைத் தடியாக்குங்கள், குறைவாக வந்தால் மெல்லியதாக்குங்கள். கால் அல்லது அரை மி.மீ. போதும். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பத்து வரிசையில் கை பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். ஊசி மாற்றினால் புதுத் துண்டு, புதுத் துவைப்பு.

சுற்றாகப் பின்னும் ஸ்வெட்டருக்குத் துண்டும் சுற்றாகவே போட வேண்டும். பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக வரும். சுற்றுப் பின்னலில் பர்ல் வரிசையே கிடையாது, அளவு மாறிவிடும். வட்ட ஊசியில் 34 கண்ணி பின்னி, திருப்பாமல், கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி நிட் போட்டுக்கொண்டே போனால் போதும்.

"நூல் வீணாகிறதே" என்பார்கள். இந்த அளவுத் துண்டுக்கு டபுள் நிட்டிங் எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலில் ஏறக்குறைய பத்து கிராம்தான் ஆகும், ஸ்வெட்டருக்கோ நானூறு ஐந்நூறு கிராம். கடைசியில் நூல் பற்றாமல் போனால் அவிழ்த்துப் பயன்படுத்தியும் கொள்ளலாம். சிவப்போ கருநீலமோ சாயம் விடுகிறதா என்பதும் இந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் சுருட்டி வைத்தால் போதும். திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் பனியன் துணியைத் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று சோதிக்கிறார்கள். அந்தப் பனியன் துணியும் ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்லாக நிற்கும் நம் பின்னலேதான், கண்ணி மட்டும் பொடிசு.

வரிசையின் நடுவில் எழுந்து போவது

டீ வந்தாலும் வரிசையை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

கழுத்தை இறுக்கி அடைப்பது

குழந்தை ஸ்வெட்டரில் இதைப் பார்க்காத வாரம் இல்லை. உடம்பு சரியாக இருக்கும், தலை நுழையாது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றே ஏறக்குறைய 35 செ.மீ., ஒரு வயதில் 45 செ.மீ.யைத் தாண்டிவிடும். கழுத்துப்பட்டை இழுத்தால் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. கூட விரிய வேண்டும். ரிப் எவ்வளவு விரிந்தாலும் அடைத்த வரிசை விரியாவிட்டால் பயனில்லை. ஒரு அளவு தடித்த ஊசியால் அடையுங்கள், அடைத்ததும் நூலை வெட்டும் முன் இழுத்து அளந்து பாருங்கள். தோளில் இரண்டு பொத்தான் வைத்துவிட்டால் கவலையே இல்லை. அழும் குழந்தைக்கு மாட்டுவதும் சுலபம்.

குழந்தைக்குப் பின்னும் கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகே கொடுங்கள். இரண்டு வண்ணப் பின்னலில் பின்னால் நீளமாக ஓடும் நூலும், செருகாமல் விட்ட நுனியும் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிவிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி

அக்ரிலிக் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் நார். சூடான பெட்டி பட்டால் துவண்டுபோகும், ரிப் செத்துவிடும், எத்தனை முறை துவைத்தாலும் திரும்பாது.

நூலை ஒட்ட வெட்டுவது

நுனியில் பதினைந்து செ.மீ. விடுங்கள். அதைத் துணிக்குள் செருகும்போது ஒரே திசையில் போகாமல் ஒருமுறையாவது திரும்பி வாருங்கள்.

ஆளுக்கொரு சதுரம்: கூட்டுப் போர்வை

வட்டம் என்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து ஒரு போர்வை போட ஆசை வரும், வர வேண்டும். 20 செ.மீ. சதுரங்கள் ஐந்துக்கு ஆறாக முப்பது சேர்ந்தால் 100-க்கு 120 செ.மீ. குழந்தைப் போர்வை. தவறு அறிவிப்பிலேயே தொடங்கும்: "எல்லாரும் 44 கண்ணி ஏற்றுங்கள்." இறுக்கமான கைக்கு அது 18 செ.மீ., தளர்ந்த கைக்கு 23 செ.மீ. தைக்க உட்காரும்போது ஒன்றும் பொருந்தாது. கண்ணியைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்.

மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் சதுரம் இதற்காகவே ஆனது. மூன்று கண்ணியில் தொடங்குங்கள். எல்லா வரிசையும் நிட், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டுங்கள். சரிவான ஓரம் 20 செ.மீ. வந்ததும், அங்கிருந்து ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒன்று குறையுங்கள். யார் கை எப்படி இருந்தாலும் சதுரம் 20 செ.மீ.யில்தான் முடியும்.

நூலையும் முதலிலேயே பேசி முடியுங்கள். அக்ரிலிக் சதுரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சாதாரணக் கம்பளிச் சதுரம் இருந்தால், மெஷினில் போட்ட அன்று அது மட்டும் சுருங்கிக் கெட்டியாகி, சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களையும் தன் பக்கம் இழுத்துவிடும். இணைக்கும் நூல், ஓரம் கட்டும் நூல் எல்லாம் ஒரே வகை, ஒரே லாட். தைப்பதை ஒரே ஆளிடம் கொடுங்கள். தைக்கும் முன் முப்பது சதுரங்களையும் துவைத்துக் காயவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், அரை செ.மீ.க்கு மேல் துருத்திக்கொண்டிருப்பதைப் பின்னியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த வாரம் சரியாகப் போட்டுக் கொண்டுவருவார்.