கறுப்புக் கார்தானா? மேட் ஆக்க கிளியர் மட்டும் போதும்

உங்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே கறுப்பு என்றால், மேட் பிளாக் (பளபளப்பில்லாத கறுப்பு) ஆக்க முழு பெயிண்டையும் மாற்றாதீர்கள். மேலே உள்ள கிளியர் கோட்டை (நிறமில்லாத மேல்பூச்சை) மட்டும், கீழே கறுப்பு வெளிவராத அளவுக்கு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு, மேட் கிளியர் அடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பு கறுப்பில் இல்லை, கிளியரில்தான் இருக்கிறது. மேட் கிளியரில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்கா, காய்ந்ததும் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. கறுப்பு பெயிண்டும் அதற்கான கூலியும் மிச்சம்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். பளபள பெயிண்ட் அடிக்கும்போது தூசி ஒட்டினால் தேய்த்து, பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மேட்டில் அப்படிச் செய்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். அப்புறம் அந்த பேனலையே திரும்ப அடிக்க வேண்டும். நம் திருநெல்வேலிப் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில், திறந்த ஷெட்டில் அடிக்கவே கொடுக்காதீர்கள். மூடிய பெயிண்ட் பூத் உள்ள இடமாகப் பாருங்கள்.

பழைய கிளியர் உரிந்திருந்தாலோ, கீறல் கறுப்பையும் தாண்டி இறங்கியிருந்தாலோ இந்த வழி உதவாது. வேறு நிறக் கார் என்றால் முழு பெயிண்ட்தான், ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும்.