வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுதிவிடும். அப்புறம் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விட அதற்கு அதிகாரம் உண்டு. கடுமையான சட்டம்தான். ஆனால் கடன் வாங்கியவருக்கும் அதில் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. அதைத் தவறவிடுவதால்தான் பலருக்கு வீடு கைவிட்டுப் போகிறது.

வங்கி நோட்டீஸ் அனுப்பும் பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது முதல் தவறு. "கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே வம்பு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வேண்டுமென்றே வாங்கவில்லை என்று தெரிந்தால் நோட்டீஸை வாசல் கதவில் ஒட்டி, நாளிதழ்களிலும் வெளியிட்டுவிடுவார்கள். கெடு ஓடத் தொடங்கிவிடும்.

அந்தத் தபாலில் வருவது, கடனைக் கட்டச் சொல்லும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். 60 நாள் அவகாசம் தரும். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், அதை ஏற்காத வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். முதலில் கணக்கு ஸ்டேட்மெண்ட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். கட்டிய தவணையெல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? தாமத அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா? அப்படிப் போடக் கூடாது என்பது 2024 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. மேனேஜரிடம் நேரில் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குச் சாட்சி கிடையாது. கடிதம் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கி வையுங்கள்.

சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று அலைவதும் வீண். இந்த விவகாரங்களைச் சிவில் கோர்ட் விசாரிக்க அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடை போடுகிறது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கி வீட்டைத் தன் வசம் எடுக்கும் சுவாதீன நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் மனு போட வேண்டும். மனுப் போடவே வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2004-இல் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் தடை உத்தரவு கேட்டால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது சகஜம். அதற்குக் கையில் பணம் வேண்டும்.

ஏல நாளன்று பணத்தோடு போய் மீட்டுவிடலாம் என்றும் இருக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, வங்கிக் கடனை அடைக்கத் தனியாரிடம் போய் வீட்டைக் கிரயமாக எழுதிக் கொடுப்பது. "பேருக்குத்தான் கிரயம், பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டப்படி அது அடமானமே ஆகாது, விற்பனைதான். வாய்ப்பேச்சும் தனியாக எழுதிய வெள்ளைத்தாளும் உதவாது. பவர் பத்திரம் கேட்டாலும் இதே எச்சரிக்கைதான். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. இருந்தும், பதிவான கிரயத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் வருடக்கணக்காகும்.

கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், ஏல அறிவிப்புக்கு முன்பே நீங்களே விற்றுவிடுவது நல்லது. விலை பேச உங்களுக்கு அவகாசம் இருக்கும். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. அதை முதலில் வாங்குங்கள். வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும். கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.