கொழுப்பு அமில வளர்சிதை மாற்றக் கோளாறுகள்: உணவுச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுப்பை ஆற்றலாக மாற்றும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளின் உணவுத் திட்டத்தைப் புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் மருத்துவர்களையும் உணவியல் நிபுணர்களையும் உடனிருந்து பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த தவறுகளே திரும்பத் தலைதூக்குகின்றன. நீண்ட நேரப் பட்டினி கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை.

குளுக்கோஸ் அளவைப் பார்த்து நிம்மதி அடைவது

எத்தனை முறை கண்டாலும் என் மனம் ஆறாத தவறு இது. மிகநீள் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு (வி.எல்.சி.ஏ.டி.) உள்ள, ஒரு வயதை நெருங்கும் 10 கிலோ குழந்தை ஒன்றைக் காலையிலிருந்து வாந்தி என்று தூக்கி வந்தார்கள். நோயுற்றால் எந்தக் கரைசலை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்திருந்த அவசரச் சிகிச்சைக் கடிதத்தைத் தாய் நீட்டினார். இரத்தத்தில் குளுக்கோஸ் இயல்பாக இருந்தது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இல்லை. இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று ஓ.ஆர்.எஸ். கொடுத்துக் காத்திருந்தார்கள். கடிதம் பிரிக்கப்படாமல் மேசையிலேயே கிடந்தது. மாலையில் கூப்பிட்டால் குழந்தை கண் திறக்கவில்லை; தசை சிதைந்து சிறுநீர் கட்டந்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது என்றாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த அந்த நாட்களுக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

கொழுப்பு எரியாத உடலில் கீட்டோன் போதிய அளவு உருவாகாது. ஆகவே கீட்டோன் இல்லாதது நலத்தின் அடையாளமன்று, அது நோயின் இயல்பே. குளுக்கோஸ் சரிவதோ பெரும்பாலும் பிந்தி வரும் அறிகுறி. அதற்குள் பாதி சிதைந்த கொழுப்பு அமிலங்கள் கல்லீரலிலும் இதயத்திலும் தசையிலும் தேங்கத் தொடங்கிவிடும். நாம் குளுக்கோஸ் கொடுப்பது ஓர் எண்ணை உயர்த்துவதற்காக மட்டுமன்று, இன்சுலினைச் சுரக்கச் செய்து உடல் தன் கொழுப்பைக் கரைப்பதை நிறுத்துவதற்காக. ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் அவசரக் கரைசலுக்கோ 10 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 100 கிராம் மாவுச்சத்து தேவை.

அதுவும் வயிற்றில் தங்காவிட்டால் உடனே நரம்புவழி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்ற வேண்டும். அங்கும் வழக்கமான 5 விழுக்காட்டுப் புட்டியை மாட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். மேற்சொன்ன குழந்தைக்கு அதை மணிக்கு 42 மில்லி வீதம் ஏற்றினால் கிடைப்பது கிலோவுக்கு நிமிடத்திற்கு 3.5 மில்லிகிராம் குளுக்கோஸ். இந்த வயதில் வேண்டியது குறைந்தது 8. உப்புகள் சேர்த்த 10 விழுக்காட்டுக் கரைசலை மணிக்கு 48 மில்லி வீதம் ஏற்றினால்தான் அந்த அளவு எட்டும்.

எம்.சி.டி. எண்ணெயை எல்லாருக்கும் கொடுப்பது

வி.எல்.சி.ஏ.டி. போன்ற நீள் சங்கிலிக் கோளாறுகளில், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பாலான இந்த எண்ணெய் பழுதுபட்ட படியைத் தாண்டிச் சென்று ஆற்றல் தருகிறது. நடுத்தரச் சங்கிலி நொதியே குறைபட்ட எம்.சி.ஏ.டி. நோயில், அடைபட்ட இடத்திலேயே அது போய்க் குவிகிறது. அசைல்கார்னிடைன் என்னும் இரத்தப் பரிசோதனையில் எந்த நொதி என்று ஓரளவு தெளியும் முன் இந்த எண்ணெயைத் தொட வேண்டாம்.

நரம்புவழிக் கொழுப்புக் கரைசல்

நீள் சங்கிலிக் கோளாறு என்றால் கூடாது.

கொழுப்பை அஞ்சி அடியோடு விலக்குவது

எம்.சி.டி. எண்ணெயில், உடலால் தானே உருவாக்க முடியாத கொழுப்பு அமிலங்களான லினோலிக் அமிலமும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் இல்லை. இயல்பான கொழுப்பைக் கடுமையாகக் குறைத்த திட்டத்தில் இவ்விரண்டையும் தனியே கணக்கிட்டுச் சேர்க்காவிட்டால், தோல் வறண்டு செதிலாகும், வளர்ச்சி தடைபடும். எம்.சி.ஏ.டி. நோயிலோ, உடல் நலமாக இருக்கும் குழந்தைக்கு அத்தகைய கடும் கட்டுப்பாடே தேவையில்லை.

சோளமாவைக் காய்ச்சுவது

இரவுப் பட்டினியைத் தாங்கக் கொடுக்கும் மக்காச்சோள மாவை (கார்ன் ஸ்டார்ச்) காய்ச்சாதீர்கள், சூடான பாலிலும் கலக்காதீர்கள். பச்சை மாவு மெல்லச் செரிப்பதால்தான் இரவு முழுவதும் குளுக்கோஸ் கிடைக்கிறது, வெந்த மாவுக்கு அந்தக் குணம் இல்லை.

பழைய எடையில் எழுதிய கடிதம்

ஆறு கிலோவாக இருந்தபோது எழுதிய அவசரக் கடிதத்தையே பத்துக் கிலோவான பின்பும் பெற்றோர் பையில் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருகையிலும் எடை பார்த்து, ஏற்றும் வேகத்தையும் அவசரக் கரைசலின் அளவையும் புதிதாகக் கணக்கிட்டுத் தேதியுடன் எழுதிக் கொடுங்கள். பழைய தாளை அப்போதே வாங்கிக் கிழித்துவிடுங்கள்.