மூன்று கல்லில் ஒரு சமதளம்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

கஞ்சமலைக் கல்லை உருக்கி இரும்பு எடுத்த ஊர் சேலம். அந்த உலைக்கும் இன்று நம் லேத் பட்டறையில் சுற்றும் மெஷினுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. மெஷினைச் சரிபார்க்கச் சமதளம் வேண்டும். அதைச் சரிபார்க்க இன்னொரு சமதளம் வேண்டும். அப்படியானால் முதல் சமதளம் எப்படி வந்தது? வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் வெர்னியர் என்ற அளவுக் கருவியைக் கொடுக்கும் முன் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கிரானைட் அறுக்கும் இடத்தில் கழித்துப் போட்ட துண்டுகளில், அரை அடிச் சதுரமாக மூன்று கேட்டு வாங்குங்கள். கல்லைத் தேய்க்கும் எமரி பவுடர் நரநரவென்று ஒன்று, நைசாக ஒன்று. அப்புறம் பென்சிலும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

பின்பக்கம் 1, 2, 3 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓரங்களை லேசாக மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில்லு பெயர்ந்து நடுவில் புகுந்து கீறிவிடும்.

ஈரச் சாக்கின் மேல் 1-ஐ வையுங்கள். ஒரு சிட்டிகை நரநரப் பவுடர், கொஞ்சம் தண்ணீர். மேலே 2-ஐ வைத்துத் தேயுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பவுடர் நொறுங்க நொறுங்கச் சத்தம் அடங்கி, சாம்பல் நிறச் சேறு ஓரத்தில் வழியும். கழுவிவிட்டுப் புதுப் பவுடர் போடுங்கள். காய்ந்த கல்லைத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இரண்டு கல்லோடு நிறுத்தினால் மேல்கல் குழிந்துவிடும், கீழ்க்கல் மேடாகிவிடும். ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே தட்டை இல்லை. மூன்றாவது கல் வந்ததும் இந்தப் பொய் உடையும். குழியும் குழியும் சேர்ந்தால் ஓரம் மட்டும் தொடும்; மேடும் மேடும் சேர்ந்தால் நடு மட்டும் தொடும். எந்த ஜோடியாக வைத்தாலும் மூன்றும் பொருந்த வேண்டுமென்றால், தட்டையாவதைத் தவிர வேறு வழியே இல்லை. இரும்புத் தட்டுகளுக்கான இதே முறையை 1840-ல் கிளாஸ்கோவில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் விளக்கினார். அவர் எமரியை விட்டுவிட்டு, ஸ்கிரேப்பர் என்ற சுரண்டும் உளியால் மேட்டை மட்டும் சுரண்டச் சொன்னார். நமக்குக் கல் என்பதால் எமரியே சரி.

ஆகவே 1-2, 2-3, 3-1 என்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேல்கல்லைக் கீழே மாற்றுங்கள். இடையிடையே கால் வட்டம் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் பரப்பில் முறுக்கு விழும். பொறுமை வேண்டும், ஒரே நாளில் முடியாது.

சரிபார்க்க, கல்லைத் துடைத்துப் பென்சிலால் கட்டம் போடுங்கள். நைஸ் பவுடரில் நாலைந்து இழுப்பு. கோடுகள் எங்கும் ஒரே மாதிரி மங்கினால் வந்துவிட்டது. நடுவில் அழியாமல் நின்றால் அங்கே இன்னும் குழி.

இப்போது அந்தக் கல்லின் மேல், நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஸ்டாண்டோடு வையுங்கள். காந்த ஸ்டாண்ட் கல்லில் ஒட்டாது, கனமான அடி உள்ளது வேண்டும். கேஜின் முனை கல்லைத் தொட்டதும் பூஜ்யம் வைத்து, முனைக்கு அடியில் ஒரு ஏ4 தாளைச் செருகுங்கள். ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர் காட்டும் கேஜில் முள் சுமார் பத்துக் கோடு நகரும். அப்புறம் உங்கள் தலைமுடி ஒன்றைச் செருகிப் பாருங்கள்.