டைரக்‌ஷன் கற்க கேமரா வாங்காதீங்க, ஒரே சீனை மூன்று தடவை எடுங்க

டைரக்டர் ஆகணும் என்று வருகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். கையில் இருக்கிற போன் போதும்.

முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு பேர், ஒரு இடம். ஒருவருக்கு ஏதோ வேண்டும், இன்னொருவர் அதைச் சுலபமாகக் கொடுக்க மாட்டார். ராத்திரி சென்னை பஸ் ஏறப்போகிற மகன், வாசலில் சைக்கிள் துடைக்கிற அப்பா, அவ்வளவுதான். மகனுக்கு ஐயாயிரம் ரூபாய் வேணும், கேட்க வாய் வரவில்லை, அப்பாவுக்கும் அது தெரியும். ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ஆனால் நம்ம அப்பாக்கள் பேசாமல் இருக்கிற நேரத்தையும் சேர்த்தால் இரண்டு நிமிஷம் ஓடும்.

இதை மூன்று தடவை எடுக்கணும். முதல் தடவை கட்டே இல்லாமல் ஒரே ஷாட், போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு. யார் எங்கே நிற்கிறார், எப்போது எழுந்திருக்கிறார், எப்போது முதுகைக் காட்டுகிறார் என்பதை வைத்தே கதை புரிகிறதா என்று இதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் புரியாது. அப்புறம் அவர்கள் நிற்கிற, நடக்கிற விதத்தை மாற்றி மறுபடி எடுங்கள். இரண்டாவது தடவை மாஸ்டர் (முழு சீனும் தெரிகிற ஷாட்), சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது), குளோசப் என்று பிரித்து எடுங்கள், எந்த ஷாட் எப்படி என்கிற ஷாட் டிவிஷனை முந்தின நாளே பேப்பரில் எழுதிவிட்டு. மூன்றாவது தடவை வசனம் ஒன்றுகூட இல்லாமல். மூன்றையும் நீங்களே உட்கார்ந்து எடிட் செய்யுங்கள், நண்பன் தலையில் கட்டாதீர்கள்.

எடிட்டிங்கில்தான் குட்டு வெளிப்படும். திருநெல்வேலி தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறைப் படித்துறையில் நான் எடுத்த முதல் குறும்படத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுகிறார்கள், ஆனால் கட் பண்ணிப் பார்த்தால் இருவருமே ஆற்றின் பக்கம் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. பேசுகிற இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கணும் என்கிற 180 டிகிரி விதியை நான் மீறியிருந்தேன். விதி எனக்குத் தெரியும், படித்திருந்தேன். மத்தியான வெயிலில் நிழலைத் தேடி எதிர்ப்பக்கம் போய் நின்றதுதான் வினை.

நடிக்க வருகிறவரிடம் பேசுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. ‘சோகமா பாருங்க’ என்று சொன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள். ‘அண்ணாச்சி, அந்தச் செயின் அழுக்கு போகவே மாட்டேங்குது, தம்பி பேசி முடிக்கதுக்குள்ள அதை எடுத்தாகணும்’ என்று சொல்லிப் பாருங்கள். நிமிராமலே ‘சாப்ட்டியால?’ என்று அவர் கேட்கிறபோது, அதில் பணமும் இருக்கும், பாசமும் இருக்கும், கோபமும் இருக்கும். நம்ம ஊர்ப் பேச்சை வாத்தியார் தமிழாகத் திருத்தாதீர்கள், ஆனால் சிரிப்பு வரணும் என்பதற்காக வரிக்கு ஒரு ‘ஏலே’வும் சொருகாதீர்கள்.

சின்னச் சின்னதாக சில விஷயம். ஆனி, ஆடிக் காற்றில் மைக்குக்கு ரோம உறை இல்லாமல் வெளியே எடுத்தால் வசனம் கேட்காது. பாபநாசம் பக்கம் மேற்கே மலை இருப்பதால் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும், சாயங்கால சீனுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இல்லாவிட்டால் லைட் மினுக்கும்.

டிவி வேலை வேறு மாதிரி. சினிமாவில் யோசித்துக் கட் பண்ணலாம், லைவில் ‘டூ ஸ்டாண்ட்பை, டேக் டூ’ (இரண்டாவது கேமரா தயாராகு, இப்போது அதற்கு மாற்று) என்று சொல்லி முடிக்கும்போது ஷாட் மாறியிருக்கணும். இதற்கு நம்ம ஊர்க் கோயில் கொடை விழாவை விட நல்ல வகுப்பு கிடையாது. வில்லுப்பாட்டு நடக்கும்போது அனுமதி கேட்டு மூன்று போன் வையுங்கள்: ஒன்று முழு மேடைக்கு, ஒன்று பாடுகிற அண்ணாவிக்கு, ஒன்று குடம் அடிப்பவருக்கு. தொடங்கும்போது ஒரு கைதட்டல், மூன்று போனிலும் அந்தச் சத்தம் பதிந்தால் பிறகு மூன்றையும் ஒன்றாகப் பொருத்தலாம். வீட்டில் டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் மூன்றையும் மல்டிகேமாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி, சேர்த்து, நிறுத்தாமல் ஓடவிட்டு ஓடுகிறபோதே மாற்றுங்கள். குடத்தில் அடி விழுந்த பிறகு மாற்றினால் லேட். அவர் கை உயரும்போதே மாறணும், அதற்குப் பாட்டு உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கணும்.

படிப்பு வேணுமா? சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு திரைப்பட நிறுவனம் இருக்கிறது, டைரக்‌ஷன் படிப்பு உண்டு. 1960-ல் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனத்துக்கு நுழைவுத்தேர்வு எழுதணும். முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் உதவி இயக்குநர் வேலை தேடணும், அங்கே முதல் நாளே உங்கள் கற்பனையை யாரும் கேட்க மாட்டார்கள். கிளாப் அடிக்கவும் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று) பார்க்கவும் சொல்வார்கள். அதனால் அந்த சைக்கிள் சீனிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள்: துணி அப்பாவின் எந்தக் கையில், மகனின் பை எந்தத் தோளில், எத்தனையாவது டேக் ஓகே. வாய்ப்புக் கேட்கப் போகிறபோது படத்தோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.