விபத்தில் தவறு யாருடையது? கார் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

விபத்து தம் தவறால் நேர்ந்தது என்பதாலேயே காப்பீட்டிலிருந்து ஒன்றும் கிடைக்காது என்று எண்ணி, பழுதுபார்ப்புச் செலவு முழுவதையும் கையிலிருந்து கட்டுவோர் பலர். முழுக் காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கான பிரிவு, ஓட்டியவர் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் பொதுவாகப் பணம் தரும். குடிபோதை, உரிமமின்மை, வேண்டுமென்றே மோதுதல் போன்றவைதான் அதை மறுக்கக் காரணமாகின்றன. பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் வைத்திருப்பவரின் நிலை வேறு. தவறு அவருடையதானால், அவர் காருக்கு ஒரு காசும் வராது.

இதைவிடப் பெரிய பிழை சாலையிலேயே நடந்துவிடுகிறது. பதற்றத்தில் "தப்பு என்னுடையதுதான், செலவை நானே ஏற்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்கவோ இழப்பீட்டுக்கு வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. அடிபட்டவருக்கு உதவுவது கடமை; பழியை ஏற்பது அதில் சேராது. பாதுகாப்பாக முடியுமானால், வண்டிகளை நகர்த்துமுன் அவை நின்ற நிலை, டயர்த் தடம், சாலைக்கோடு, சிக்னல் ஆகியவை சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். நொறுங்கிய பம்பரை மட்டும் எத்தனை கோணத்தில் எடுத்தாலும், யார் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பதை அது சொல்லாது.

தவறு முழுவதும் ஒருவருடையதாகத்தான் இருக்கும் என்று கருதுவதும் சரியல்ல. பின்னாலிருந்து மோதியவரே பொறுப்பு என்பது தொடக்க அனுமானம் மட்டுமே; முன்வண்டி பின்னோக்கி வந்தது நிரூபணமானால் அது மாறிவிடும். பல நாடுகளில் பொறுப்பு சதவீதமாகப் பங்கிடப்படுகிறது. 1,00,000 இழப்பில் உங்கள் பங்கு 30 சதவீதமானால், எதிர்த்தரப்பிடமிருந்து 70,000தான் வரும். சீட் பெல்ட் அணியாததும் இதில் கணக்காகும்: அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது என்ற நிலையில், இங்கிலாந்து நீதிமன்றங்கள் இழப்பீட்டில் வழக்கமாக 25 சதவீதத்தைக் கழிக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களிலோ, பாதிக்கப்பட்டவரின் சிறு தவறுகூட இழப்பீட்டை முழுவதுமாக இழக்கச் செய்யலாம்.

எதிராளியின் தவறு வெளிப்படையாகத் தெரியும்போது, அவருடைய நிறுவனம் பணம் தரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்போரும் உண்டு. அதற்குள் தம் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய கெடு கடந்துவிடும். முழுக் காப்பீடு இருந்தால் அதிலேயே கிளெய்ம் செய்யலாம். நிறுவனம் பின்னர் எதிர்த்தரப்பிடம் வசூலிக்கும், வசூலானால் நீங்கள் கட்டிய டிடக்டிபிள் தொகையும் (கிளெய்மில் உங்கள் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு) திரும்பக்கூடும். ஆனால் எதிராளி நீட்டும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வசூல் உரிமையும் போய், உங்கள் சொந்த கிளெய்மே மறுக்கப்படலாம்.